இன்ஜினைப் பிரிக்கும் முன் வண்டியைக் கழுவுங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். என்னுடையது ஐந்து வருடப் பழைய 200 சிசி வண்டி. ஒற்றை சிலிண்டர், கூலன்ட் உள்ள இன்ஜின், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக, காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு எண்ணெய்க் கறை. முதலில் பார்த்த மெக்கானிக் டிரெயின் போல்ட்டை இறுக்கிக் கொடுத்தார், நிற்கவில்லை. இரண்டாமவர் அதன் வாஷரை மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் தடவினார், அப்போதும் நிற்கவில்லை. மூன்றாமவர், "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்கிறார். ஆயில் மாற்றி 1,500 கிலோமீட்டர் ஆகிறது. அளவுக் கண்ணாடியில் மேல் கோட்டில் நின்ற ஆயில் இப்போது பாதிக்கும் கீழே இருக்கிறது. புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. கூலன்ட் டப்பாவில் அளவு அப்படியே இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்பு செயின் ஸ்பிராக்கெட் செட் மாற்றினேன். இப்போதெல்லாம் என் இடது காலணியின் குதிகாலில்கூட எண்ணெய்ப் புள்ளிகள் விழுகின்றன. இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இன்ஜினை இப்போதைக்கு யாரும் பிரிக்க வேண்டாம். வண்டியை விடச் சொல்லி நாள் குறித்திருந்தாலும் தள்ளிப் போடுங்கள். ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளம் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. சிலிண்டருக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கேஸ்கெட் ஒரே நேரத்தில் மூன்றைத் தடுத்து நிறுத்துகிறது: சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம், கூலன்ட், ஆயில். அது போனால் கூலன்ட் டப்பாவில் அளவு இறங்கும், அல்லது அதில் குமிழி வரும். இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகும். சைலன்சரில் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுக்கும். இழுவை குறையும். புகை இல்லை, இழுவை குறையவில்லை, கூலன்ட் இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றவை இருப்பதாகவும் எழுதவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருந்து, வெளிப்பக்கமாக ஆயில் மட்டும் கசிவதும் உண்டுதான். அப்படியானால் ஹெட்டும் சிலிண்டரும் சேரும் கோட்டில் ஈரம் தெரிய வேண்டும், அதற்குக் கீழே சிலிண்டர் முழுக்க நனைந்திருக்க வேண்டும். யாராவது டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்தார்களா? பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை.

என் கவனம் போனது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகள் மீது. செயின் செட் மாற்றியது ஒன்று. குதிகாலில் எண்ணெய்ப் புள்ளி விழுவது இன்னொன்று. நிற்கிற வண்டியிலிருந்து சொட்டும் ஆயில் நேராகத் தரைக்குத்தான் போகும். அது உங்கள் குதிகாலுக்கு வர வேண்டுமானால் ஏதோ ஒன்று அதைச் சுழற்றி வீச வேண்டும். அந்தப் பக்கத்தில் சுழல்வது செயினை இழுக்கும் பல் சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டும் செயினும்தான். அதனால், முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால், கியர் பெட்டியிலிருந்து ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் மீதோ அதன் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றின் மீதோதான் எனக்குச் சந்தேகம். இது கடிதத்தைப் படித்துச் செய்த ஊகம். ஊகத்தை நம்பி எதையும் கழற்றக் கூடாது என்பதால், இதைச் சரிபார்க்கும் வழியைக் கீழே எழுதுகிறேன்.

அதற்கு முன், இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பின் டயரின் இடது ஓரத்தையும் ரிம்மையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் எண்ணெய் ஏறினால் வண்டியை எடுக்காதீர்கள். செயின் வீசும் ஆயில் டயரின் ஓரத்தில் படியும். நேராகப் போகும்வரை எதுவும் தெரியாது. இடப்பக்க வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் அந்த ஓரம் சாலையைத் தொடும், தொட்டதும் வழுக்கும். சோப்புத் தண்ணீரில் டயரைத் தேய்த்துக் கழுவி, காரணத்தைச் சரிசெய்த பிறகே ஓட்டுங்கள். பின் பிரேக் டிஸ்க்கிலும் ஒரு முறை துணியை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் அதைப் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிடலாம். பேட் ஆயிலைக் குடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், கழுவிப் பயனில்லை.

டயர் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் அளவைத் தினமும் பார்த்து, கீழ்க் கோட்டுக்கு இறங்கவிடாமல் ஊற்றிக்கொண்டு அக்கம்பக்கம் ஓட்டலாம். இறங்க விட்டால்தான் ஆபத்து. கிராங்க், கியர், கிளட்ச் எல்லாம் அந்த ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டிரெயின் போல்ட்டை இருவர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் எளிது. சொட்டு அங்கேதான் தொங்குகிறது. ஆனால் இன்ஜினின் மிகத் தாழ்ந்த இடம் அது. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து வழிந்து கடைசியில் அந்த போல்ட்டின் தலைக்குத்தான் வந்து சேரும். ஓடுகிற வண்டியில் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் முன் மூலையில் கசியும் ஆயில் சிலிண்டரின் பக்கவாட்டில் சரிந்து, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் பின்னால் போய்ச் சொட்டும். அதனால் நாங்கள் எப்போதும் தேடுவது, ஈரத்தில் மிக மேலே இருப்பதும் மிக முன்னால் இருப்பதும் எது என்று. கீழே இருக்கும் ஈரமெல்லாம் அதன் பின்விளைவு.

வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நானே இதில் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். சிலிண்டரின் பின்பக்கம் முழுக்க எண்ணெயும் மண்ணும் அப்பிய ஒரு வண்டி வந்தது. பார்த்த உடனே சிலிண்டரின் அடிக் கேஸ்கெட் என்று முடிவு கட்டி, ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, புதுக் கேஸ்கெட் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது, அதே இடம், அதே ஈரம். இந்த முறை பிரஷ் எடுத்து உட்கார்ந்து கழுவினேன். துடைத்து, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தபோது, இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை விறைப்பாக வைத்திருக்கும் டென்ஷனரின் அடியிலிருந்து குண்டூசித் தலை அளவுக்கு ஆயில் துளிர்த்து வந்தது. இரண்டே போல்ட்டில் நிற்கும் அந்தச் சின்ன உறுப்பின் காகிதக் கேஸ்கெட்தான் போயிருந்தது. அரை மணி நேர வேலை. அதற்காக ஒரு நல்ல இன்ஜினை நான் பிரித்துப் போட்டிருந்தேன். அந்த வண்டிக்காரரிடம் அதைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அன்றிலிருந்து கழுவாமல் எந்தக் கசிவையும் நான் பார்ப்பதில்லை.

முதல் நாள் இரவு காகிதத்தில் தொடங்குங்கள். அகலமான அட்டையோ வெள்ளைக் காகிதமோ வண்டியின் அடியில் விரியுங்கள். முன் சக்கரம் எந்தப் பக்கம், சைடு ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று காகிதத்திலேயே பேனாவால் குறியுங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் ஒரு நாள் அதில் நிறுத்துங்கள், மறுநாள் சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருக்கும், வலப்பக்கக் கசிவுகூட இடப்பக்கமாக ஓடிவந்து சொட்டி ஏமாற்றும். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது கசியும் இடமாக இருக்காது. தேட வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டும்.

காகிதத்தில் விழுந்தது உண்மையிலேயே இன்ஜின் ஆயில்தானா என்பதையும் அங்கேயே உறுதி செய்யலாம். கறுப்பாக இருப்பதெல்லாம் இன்ஜின் ஆயில் ஆகிவிடாது. வண்டியின் அடிப்பக்க அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்தால் தண்ணீர்கூடக் கறுப்பாகத்தான் சொட்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். இன்ஜின் ஆயில் வழவழவென்று பிசுபிசுப்பில்லாமல் நழுவும், கருகிய வாடை இருக்கும், காகிதத்தில் சுற்றிலும் எண்ணெய் வளையம் விட்டுப் பரவும். கூலன்ட் தண்ணீர்போல் ஓடும், லேசாக வழுக்கும், இனித்த வாடை அடிக்கும். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று ஏதாவது ஒரு சாயம் அதில் இருக்கும். சொட்டும் கூலன்டை அப்படியே விட்டுவிடாதீர்கள், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பு என்று நாயோ பூனையோ நக்கினால் உயிரே போகும். பிரேக் ஆயில் நிறமில்லாமலோ வெளிறிய மஞ்சளாகவோ இருக்கும், பழையதானால் பழுப்பாகும். பட்ட இடத்தில் பெயின்ட் உரியும், தண்ணீர் விட்டால் கரைந்துபோகும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது, அதில் பேச்சே இல்லை. பெட்ரோல் காலைக்குள் காய்ந்துவிடும், வாடைதான் காட்டிக்கொடுக்கும். அப்போதும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பக்கத்தில் தீயும் பொறியும் வேண்டாம். முன் சக்கரத்தருகில் சொட்டியிருந்தால் முன் ஃபோர்க்கின் டெலஸ்கோப் சீலைப் பாருங்கள். பழைய ஃபோர்க் ஆயிலுக்கு ஒரு அழுகிய வாடை உண்டு, ஒரு முறை முகர்ந்தால் மறக்காது.

உங்கள் வண்டியில் ஆயில் அளவு இறங்குகிறது, கூலன்ட் அளவு இறங்கவில்லை. அதனால் இன்ஜின் ஆயில்தான் என்று ஏறக்குறைய நம்பலாம். இருந்தாலும் விரலில் தேய்த்துப் பாருங்கள். இன்னொரு திரவத்துக்கு என்னிடம் தனிக் கவனம் உண்டு, அது செயினுக்கு வழவழப்புக்காகப் போடும் செயின் லூப். முன் ஸ்பிராக்கெட் கவருக்குள் வருடக்கணக்கில் சேர்ந்த லூப் வெயில் சூட்டில் இளகி, கறுப்பாகச் சொட்டும். ஆயில் கசிகிறது என்று வண்டியை விட்டுவிட்டு, கடைசியில் இதுதான் என்று தெரிந்து போனவர்கள் பலர். லூப் கெட்டியாக இருக்கும், விரலில் ஒட்டி நூல்போல் இழுபடும். இன்ஜின் ஆயில் இழுபடாது. உங்கள் விஷயத்தில் லூப் மட்டுமே காரணமாக இருக்க முடியாது, அளவுக் கண்ணாடியில் ஆயில் குறைந்திருக்கிறதே.

அடுத்தது கழுவல். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, டிகிரீசரோ மண்ணெண்ணெயோ எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்துக் கழுவுங்கள். பிரேக் டிஸ்க், பேட், டயர் மீது அது படாமல் துணி போட்டு மூடுங்கள். ஜெட் வாட்டர் அடிக்க வேண்டாம். அந்த வேகத்துக்கு ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஆயில் சீலின் உள்விளிம்பான உதடும் வயர் கனெக்டரும் தாங்காது, மண்ணை உள்ளே தள்ளிவிடும். சாதாரணத் தண்ணீரில் அலசி, துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். முன் ஸ்பிராக்கெட்டின் கவரையும் கழற்றி உள்ளே சுரண்டிக் கழுவுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்தான். ஆயிலும் செயின் லூப்பும் சாலைப் புழுதியும் சேர்ந்து அங்கே களிமண்போல் இறுகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் கட்டியாகப் பெயர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டியை எடுக்காதவரை பின்னால் எது ஈரம், எது காய்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

காய்ந்த பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து, சந்தேகமுள்ள இடங்களில் மெல்லிய துணியில் கட்டித் தட்டித் தூவுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் இன்ஜினை நின்ற இடத்திலேயே, காற்றோட்டமான வெளியில் ஓடவிட்டு அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்மையான பரப்பில் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தோன்றும். சற்று நேரத்தில் அது கறுத்து, கீழ்நோக்கி மயிரிழைபோல் ஒரு கோடு இறங்கும். அந்தக் கோட்டின் மேல் நுனியில்தான் கசிவு. பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால், பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சில சீல்கள் ஷாஃப்ட் சுற்றும்போது மட்டும்தான் கசியும், நின்ற இடத்தில் நியூட்ரலில் ஓடினால் உங்கள் முன் ஸ்பிராக்கெட் சுற்றாது. ஸ்பிராக்கெட் கவர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், கால் செயினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவரை மாட்டி ஓட்டிவிட்டு, வந்து கழற்றிப் பாருங்கள். பவுடரில் பிடிபடாத மிக மெல்லிய கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் கிடைக்கின்றன. வாங்கினால், ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கவரைக் கழற்றியதும், ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் ஆயில் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை நிதானமாகப் பாருங்கள். அந்த ஒரு சாண் இடத்தில் பல இன்ஜின்களில் மூன்று கசிவு வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஷாஃப்டைச் சுற்றி வட்டமாக ஈரம் தெரிந்தால் கியர் ஷாஃப்டின் ஆயில் சீல். அதற்குச் சற்று மேலேயோ பக்கத்திலோ ஒரு வயர் போய்ச் சேரும் சின்ன உறுப்பு இருந்தால் அது நியூட்ரல் சுவிட்ச். அதன் ரப்பர் வளையமான ஓ ரிங் காய்ந்துபோனால் வயர் வழியாகவே ஆயில் ஊறி வரும். சில வண்டிகளில் கிளட்ச்சைத் தள்ளும் கம்பியும் இந்தப் பக்கமாகத்தான் வெளியே வரும், அதற்கும் ஒரு குட்டி சீல் உண்டு. அது கசிந்தாலும் ஆயில் நேராக ஸ்பிராக்கெட் மேல்தான் விழும். மூன்றில் எது என்று தெரியாமல் பெரிய சீலை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி கசிகிறது என்று சொல்பவர்கள் நிறைய.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள்கூட இதைத் தவறவிடுகிறார்கள். பல இன்ஜின்களில் ஸ்பிராக்கெட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஷாஃப்டின் மேல் ஒரு காலர் மாட்டியிருக்கும். ஆயில் சீலின் உதடு அந்தக் காலரின் வெளிப்பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலருக்கு உள்ளே, ஷாஃப்டை ஒட்டி ஒரு மெல்லிய ஓ ரிங் இருக்கும். அது கெட்டிப்பட்டால், சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஆயில் காலருக்கு உள்வழியாக ஊர்ந்து, ஷாஃப்டின் பல் இடுக்கு வழியாக ஸ்பிராக்கெட் நட்டுக்கு வந்துவிடும். நட்டின் முகத்திலும் பல் இடுக்கிலும் ஈரம், சீலைச் சுற்றி உலர்ந்திருக்கிறது என்றால் இதுதான். செலவு மிகக் குறைவான ரப்பர் வளையம். உங்கள் இன்ஜினில் இது இருக்கிறதா என்பதை உதிரிபாகப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏன் போனது என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டும், இல்லாவிட்டால் புது சீலும் போகும். ரப்பர் சூட்டில் இறுகி உதடு கெட்டியாவது வயதுக் கோளாறு, ஐந்து வருடத்தில் அது நடக்கக் கூடியதே. ஆனால் செயின் செட் மாற்றி இரண்டு மாதத்தில் கசிவு தொடங்கியிருப்பதால், செயினின் இழுப்பை முதலில் பாருங்கள். புதுச் செயினை விறைப்பாக மாட்டினால், ஒருவர் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அது இன்னும் விறைத்து ஷாஃப்டையே பின்னுக்கு இழுக்கும். பேரிங் தேயும், ஷாஃப்ட் லேசாக ஆடும், சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்து வாய் பிளக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் செயினின் தொய்வு இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும், அளந்து சரிசெய்யுங்கள். செயினைத் தளர்த்தி எடுத்துவிட்டு, ஸ்பிராக்கெட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியுமாகச் சிறிது நகர்வது பல இன்ஜின்களில் இயல்பு. மேலும் கீழும் கட்டுகட்டென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போதுதான் இன்ஜினைத் திறக்கும் பேச்சுக்கே நியாயம் வரும்.

இன்னொரு காரணத்தை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம், ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை. கிராங்க் கேஸில் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்ற பிரீதர் ஹோஸ் என்று ஒரு குழாய் ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அது மடங்கியோ அடைத்தோ இருந்தால், அழுத்தம் போக வழியில்லாமல் இன்ஜினில் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினாலும் இதே கதைதான். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஆயில் அளவை வண்டியை நேராக நிறுத்தி, கையேடு சொல்கிற மாதிரி, இன்ஜினை ஓட்டி அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் பார்த்த அளவை நம்பாதீர்கள்.

சீல்தான் என்று உறுதியானால், மாற்றுவது பெரும்பாலான இன்ஜின்களில் வெளியிலிருந்தே முடிகிற வேலை. சிலவற்றில் சீலுக்கு விளிம்பு வைத்து, இரண்டு கிராங்க் கேஸுக்கும் நடுவில் அகப்படும்படி செய்திருப்பார்கள். அதை வெளியிலிருந்து எடுக்க முடியாது. இதையும் உதிரிபாகப் படம் சொல்லிவிடும். நீங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் சில விஷயங்களைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். பழைய சீலைக் கிளப்பும்போது ஷாஃப்டிலோ, சீல் உட்காரும் குழியிலோ ஸ்க்ரூ டிரைவர் கீறக் கூடாது. கீறினால் அந்தக் கீறலே புதுக் கசிவாகும். புது சீலின் மேல் மில்லிமீட்டரில் போட்டிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். சுருள் ஸ்பிரிங் தெரிகிற முகம் ஆயில் பக்கம், அதாவது உள்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் சிறிது ஆயில் தடவி, ஷாஃப்டின் பற்களுக்கு மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு ஏற்ற வேண்டும். டேப் இல்லாமல் ஏற்றினால் கூர்மையான பல் உதட்டை அங்கேயே கிழித்துவிடும், மறுநாளே கசியும், சீல் மட்டமானது என்று பழி போடுவார்கள். அதே விட்டமுள்ள சாக்கெட்டை வைத்துச் சமமாகத் தட்டி, பழையது இருந்த ஆழத்திலேயே நிறுத்த வேண்டும். காலர் இருந்தால் அதில் சீல் உரசி உண்டான பள்ளம் விரல் நகத்தில் தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் காலரையும் மாற்றுங்கள். ஸ்பிராக்கெட் நட்டின் லாக் வாஷர் புதிதாகவே இருக்கட்டும்.

உங்கள் டிரெயின் போல்ட்டை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கசியாத போல்ட்டை இரண்டு பேர் இறுக்கியிருக்கிறார்கள். அலுமினியக் கேஸில் அந்த மரை ஒரு முறை போனால், அங்கே நிஜமாகவே கசிவு தொடங்கும். அடுத்த ஆயில் மாற்றும்போது போல்ட் கையால் சீராக ஏறுகிறதா என்று பாருங்கள், புது வாஷர் போடுங்கள், கையேட்டில் உள்ள டார்க், அதாவது இறுக்கும் விசையின் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். சுற்றித் தடவிய சிலிக்கான் பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெளியில் இருப்பதால் பெரிய தீங்கில்லை. அதையே கவர்களின் கேஸ்கெட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பூசும்போதுதான், உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். எந்த இடத்தில் பேஸ்ட் வேண்டும் என்று கையேடு சொல்கிறதோ, அங்கே மட்டும்தான் அதற்கு வேலை.

பவுடரில் கோடு வேறு இடத்திலிருந்து இறங்கினால் என்ன செய்வது? டேப்பட் கவர் என்றால் அதன் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றுங்கள், ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. மேக்னெட் கவர் என்றால், கவரின் விளிம்பா, வயர் வெளியே வரும் ரப்பர் அடைப்பா என்று கவனித்துப் பாருங்கள். ஆயில் ஃபில்டர் மூடி என்றால் அதன் ஓ ரிங். இந்தக் கவர்களின் 6 மில்லிமீட்டர் போல்ட்களுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். கை பலம் காட்டினால் மரை கழன்றுவிடும்.

வாட்டர் பம்ப்பின் அடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், அங்கிருந்து சொட்டினால் மட்டும் மிகக் கவனம் வேண்டும். பம்ப்புக்குள் கூலன்ட் பக்கம் ஒரு சீலும் ஆயில் பக்கம் ஒரு சீலும் இருக்கின்றன. எது போனாலும் ஒன்றோடு ஒன்று கலக்காமல் வெளியே வந்து உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் நடுவில் அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். கூலன்ட் சொட்டினால் கூலன்ட் பக்கத்து சீல், ஆயில் சொட்டினால் ஆயில் பக்கத்து சீல். அந்தத் துளையில் பேஸ்ட் வைத்து அடைத்துவிட்டு, "நின்றுவிட்டது" என்று கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வர வழியில்லாத கூலன்ட், ஆயில் சீலையும் தாண்டி உள்ளே போய் ஆயிலோடு கலந்து பேரிங்குகளைத் தின்றுவிடும். யார் சொன்னாலும் அதை அடைக்க விடாதீர்கள். கூலன்ட் அளவை டப்பாவில் பார்த்தால் போதும், சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் அழுத்தத்தோடு முகத்தில் அடிக்கும்.

மூன்றாமவரிடம் போகும்போது சண்டை வேண்டாம். காகிதத்தையும், பவுடரில் இறங்கிய கோட்டைக் கைபேசியில் எடுத்த படத்தையும் காட்டி, "இந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கண்ணால் பார்த்த பிறகு நல்ல தொழிலாளி யாரும் இன்ஜினைப் பிரிக்கச் சொல்ல மாட்டார். பார்க்க மறுத்தால் வண்டியை வேறு கைக்குக் கொண்டுபோங்கள்.

சீல் மாற்றிய பின் செயினையும் பின் ரிம்மையும் துடைத்து, செயினுக்கு லூப் போட்டு, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றி மறுபடி பாருங்கள். அன்றிரவும் காகிதத்தை விரியுங்கள். காலையில் காகிதம் சுத்தமாக இருந்து, அளவுக் கண்ணாடியில் மட்டும் ஆயில் தொடர்ந்து குறைந்தால், ஆயில் உள்ளே எரிகிறது என்று பொருள். அது வேறு விசாரணை. அப்படி நடந்தால் எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு குறைந்தது, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வருகிறதா என்று குறித்து மறுபடி எழுதுங்கள்.